தண்ணீரை விட்டு ஒரு முழம்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்ட கையோடு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

நான்தான், உன் தனவேலு மச்சான். இந்தத் தையோடு நீ போய் நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளுக்கு மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் வைப்பேன். நீ கூலிங் கிளாஸ் போட்ட படம், பின்னால் ரெண்டு மேகம், கீழே கொட்டை எழுத்தில் ‘உப்பளத்து வானில் பறந்த முதல் வீரர்’. வாசகம் நான் எழுதியது. அதைப் பார்த்துவிட்டு வெளியூர் பஸ்ஸெல்லாம் நின்றுதான் போகும். பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்காமல் என்ன செய்யும் என்று உன் பெண்சாதி கேட்கிறாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை கண்டாக வேண்டும்.

இந்த வருஷம் ஃப்ளெக்ஸ் இல்லை, கடிதம். உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஃப்ளெக்ஸில் அடங்காது. கூடவே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுவதுதான், ஆனால் நான் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு வானூர் ஆபீசில் ஒரு அதிகாரி எழுந்து நின்றது உனக்கே தெரியும். (நாற்காலி உடைந்ததால் நின்றார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை விடு.)

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ உப்பளத்தில் பம்ப் ஓட்டினாய். பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வரப்பில் குந்திக்கொண்டு பறவை பார்ப்பாய். பூநாரையைப் பார்க்க வெளியூரிலிருந்து கேமராவோடு வருவார்கள். நீ பார்த்தது கூழைக்கடாவை. “மச்சான், அது எப்பிடி எழும்புது பாரு. நின்ன எடத்துலேந்து பறக்கல. தண்ணி மேல ஓடுது, ஓடி ஓடித்தான் எழும்புது. அவ்ளோ பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு அது எழும்புறப்போ ஒரு படகு எழும்பாதா?” என்றாய். நான் உடனே, “ஏன் எழும்பாது? நான் அதப் பத்தி முன்னாடியே யோசிச்சி வச்சிருக்கேன்” என்றேன். யோசித்திருக்கவில்லை. ஆனால் ஆமாம் என்று சொல்ல அன்றைக்கு என்னைத் தவிர உனக்கு யார் இருந்தார்கள்?

பிளைவுட்டில் படகு. பழைய மோட்டார் பைக் இன்ஜின். நீயே செதுக்கிய மரக் காற்றாடி. அலுமினியக் குழாயில் இறக்கை கட்டி, உப்பு அம்பாரத்தை மூடும் தார்ப்பாயை வெட்டி அதன்மேல் போர்த்தினாய். தரையிலும் போக வேண்டும், தண்ணீரிலும் போக வேண்டும் என்று மொபெட் சக்கரம் ரெண்டு வைத்தாய். கிணற்று ராட்டினத்தில் கயிறு போட்டு இழுத்தால் சக்கரம் மேலே போகும், விட்டால் கீழே வரும். மூணு வருஷம். ஊர் சிரித்தது. “ஏம்பா ஏழுமலை, திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட் போடு” என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் சண்டைக்குப் போவேன். பத்து பேரை ஒரே ஆளாக அடித்திருக்கிறேன். சரி, ரெண்டு பேர். அதில் ஒருவன் தானாகவே வழுக்கி விழுந்தான்.

அந்தப் பங்குனியில் ஓட்டிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்திகளில், வெயிலில் நன்றாகச் சுண்டிப்போன தண்ணீர் இருக்கும் பாத்தியை நீ எடுத்தாய். “கெட்டித் தண்ணி மச்சான். முட்டையவே தூக்கி நிறுத்துது, படக தூக்கிப் போடாதா?” என்றாய். உப்புக்காரனுக்கு மட்டும்தான் அந்த யோசனை வரும். படகும் தக்கை மாதிரி மிதந்தது. நீ இன்ஜினை முறுக்கினாய். வாலுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் எழுந்தது. நீயும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை, சத்தம் மட்டும் ஓடியது. பாத்திக் கடைசியில் இருக்கும் மதகுக்கு நூறடி முன்னால் இன்ஜின் அணைந்தது.

நான் வரப்பு மேல் ஓடி வந்தேன். உன் முகம் பூராவும் உப்பு. இமையிலெல்லாம் வெள்ளை. நீ கேட்டாய்:

“மச்சான், நடுவுல லேசான மாதிரி இருந்திச்சி. கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியல. தூக்கிச்சா?”

தூக்கவில்லை, மாப்பிள்ளை.

இதுதான் நான் சொல்ல வந்த உண்மை. ஒரு நூல்கூடத் தூக்கவில்லை. படகின் அடி தண்ணீரை விடவே இல்லை. வரப்பில் நின்றவர்கள் தண்ணீர் புகையைப் பார்த்தார்கள், நான் குனிந்து அடியைப் பார்த்தேன். ஆனால் அந்த வெள்ளை இமையோடு நீ என்னைப் பார்த்தபோது என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: “தூக்கிச்சாவா? ஒரு ஆள் உயரம் தூக்கிச்சிடா!”

நீ சக்கரத்தை இறக்கி அதை வரப்புக்கு ஏற்றிக் கொண்டுவந்தாய். சக்கரம் மட்டும் முதல் நாளே வேலை செய்தது, அது பொய்யில்லை. அன்றைக்கு நீ வீட்டுக்குப் போகும்போது கை ரெண்டையும் கொஞ்சம் அகட்டிக்கொண்டே நடந்தாய்.

பிறகு வந்த தையில் பம்ப் ஷெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பறந்தவனாகவே போனாய். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ போன பிறகு அந்தப் பொய்யை நான் நன்றாக வளர்த்தேன். காரியத்தன்று தென்னை மர உயரம் ஆனது. முதல் வருஷ நினைவுநாளில் பனை மரம். போன வருஷம் பெருமுக்கல் மலைக்கோவிலிலிருந்து பார்த்தவர்களே இருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இப்போது உன் மகள் கதைக்கு வருகிறேன்.

வெண்ணிலா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு புதுச்சேரிப் பக்கம் பைபர் போட் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். பட்டறையில் அவள் வைத்ததுதான் சட்டம், முதலாளியே அவளைக் கேட்டுத்தான் டீ குடிப்பார். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் படகைத் திரும்பச் செய்கிறாள். பிளைவுட்டுக்குப் பதில் பைபர், எடை பாதி. இன்ஜின் புதுசு. ராட்டினம் உன்னுடையதே. படகின் அடியை மட்டும் நீ செய்தபடியே, உன் பழைய படகைக் கவிழ்க்காமலே, அதன் உள்ளே பைபர் போட்டு அச்சு எடுத்தாள். “அடிய மட்டும் மாத்த மாட்டேன் மாமா. அது தூக்குன அடி” என்றாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: ‘அப்பா ஓட்டம். ஒரு ஆள் உயரம். நேரில் பார்த்தவர் மாமா.’ பனை மரத்தையெல்லாம் தள்ளிவிட்டு ஆள் உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி. “மாமா சொல்றதுல முக்காவாசி தள்ளினாலும் மீதி நெஜமா இருக்குமில்ல?” என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். என்னை அவ்வளவு நம்பியவர்கள் நீங்கள் ரெண்டு பேர்தான். அப்பனும் மகளும்.

கார்த்திகை முடிந்து, மழைத் தண்ணீர் பாத்திகளில் கடல் மாதிரி நின்றது. உப்பு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவள் மூணு முறை ஓட்டினாள். மூணு முறையும் தூக்கவில்லை. வரப்பில் நின்று நான், “காத்து சரியில்ல”, “பெட்ரோல்ல கலப்படம்”, “அந்தப் பக்கம் நிக்கிற ஆளு கண்ணு சரியில்ல” என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மூணாவது ஓட்டம் முடிந்து நனைந்துபோய் வந்தவள், “அப்பாவுக்குத் தூக்கின அடி எனக்கு ஏன் மாமா தூக்கல? எங்கிட்டதான் ஏதோ தப்பு இருக்குது” என்றாள்.

அடுத்த ஞாயிறு காலையில் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் தங்கச்சி அஞ்சலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெண்ணிலா ஸ்பேனரோடு படகுக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். லைஃப் ஜாக்கெட் ஏற்கனவே வெளியே கிடந்தது. சக்கரமும் கிடந்தது.

“இன்னா கண்ணு பண்ற?”

“எடை கொறைக்கிறேன் மாமா. இன்னைக்கு மதகு வர்ற வரைக்கும் ஆக்ஸிலேட்டர வுட மாட்டேன். போன தடவ பயந்துட்டு முன்னாடியே வுட்டுட்டேன். அப்பா பயந்திருக்க மாட்டாரு.”

மதகு கருங்கல் என்று உனக்குத் தெரியும். நான் எதற்கும் பயப்படாதவன். ஆனைக்கு எதிரே நின்றவன். ஆனால் அந்தக் கழற்றிப்போட்ட பெல்ட்டைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“தூக்கல கண்ணு.”

“தெரியும் மாமா, இன்னைக்குத் தூக்கும்.”

“அது இல்ல. ஒங்கப்பனுக்குத் தூக்கல. அன்னைக்கு ஒரு நூல் கூடத் தூக்கல. நான் பொய் சொன்னேன்.”

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். “அவர்கிட்டயேவா?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். “போன்ல பாத்திருக்கேன் மாமா. வெளிநாட்டுல பறக்குற படகுக்கெல்லாம் அடியில ஒரு படி மாதிரி வெட்டியிருப்பான். நான்தான், எங்கப்பாவுக்கு அது இல்லாமயே தூக்கிச்சேன்னு வுட்டுட்டேன்” என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அஞ்சலை மீனிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணா. நானுந்தான் வரப்புல நின்னேன். எனக்கு இன்னா கண்ணு இல்லியா?”

“ஏன்டி சொல்லல?”

“அந்த மனுசன் கைய விரிச்சிக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாரே, நீ பாக்கல? அதுக்கப்புறம் நான் இன்னாத்த சொல்றது?”

அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினாள். இந்தப் படகு விஷயத்தில் அஞ்சு வருஷமாக வாயைத் திறக்காதவள், மகளைப் பார்த்துச் சொன்னாள்:

“பாத்தி தட்டுற பலகைய ஈரச் சேத்துல தட்டையா வச்சி நேரா மேல இழுத்துப் பாரு. ரெண்டு ஆளு இழுத்தாலும் வராது, கவ்விக்கும். பின்பக்கத்த லேசா தூக்கி உள்ள காத்து வுட்டா, ஒத்தக் கையில வந்துடும். இருவது வருசமா எங்கையி செய்யிற வேல அது. உன் படகு அடியும் பலகதானே? முழுசா தண்ணிய ஒட்டிக்கிட்டே ஓடுது. காத்து எங்கேந்து போவும்?”

வெண்ணிலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ ஏம்மா இத இத்தினி நாளா சொல்லல?”

“தூக்கிச்சுன்னா நீ மேல போயிடுவியேன்னுதான்.” கொஞ்சம் பொறுத்து, “தூக்கலன்னா மதகுல போயி மோதுவேன்றியே. அதுக்கு நீ மேலயே போ” என்றாள்.

உன் பழைய படகு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அடியை அளக்க மூணு பேருமாகச் சேர்ந்து அதைக் கவிழ்த்தோம். நான் ஒருவனே கவிழ்த்தேன் என்று எழுத நினைத்தேன், வேண்டாம். தூசியைத் துடைத்தால், அடியின் குறுக்கே ஒரு பென்சில் கோடு. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. ஓரத்தில் உன் கையெழுத்தில், ‘இங்க வெட்டுனா?’

மாப்பிள்ளை, அந்தக் கோட்டை எப்போது போட்டாய்? ஓட்டத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், தூக்கவில்லை என்று உனக்கும் தெரியும். தெரிந்தே என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தாயா? நான் உனக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்காக அதை நம்பினாயா?

வெண்ணிலா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தாள். பிறகு புதுப் படகில் அதே இடத்தில், அதே குறுக்கில் வெட்டினாள். கோட்டுக்குப் பின்னால் அடி நாலு விரல் மேலே போகிற மாதிரி, கீழிருந்து பார்த்தால் ஒரு படி மாதிரி. ரெண்டு வாரம் பைபர் ஒட்டிக் காயவைத்தாள். சக்கரம் திரும்ப மாட்டியாயிற்று. பெல்ட்டை நானே முறுக்கினேன். லைஃப் ஜாக்கெட்டை அஞ்சலை தன் கையால் போட்டுவிட்டு, வாரை மூணு முறை இழுத்துப் பார்த்தாள்.

இன்னொரு வேலையும் செய்தாள் உன் பெண்சாதி. பாத்தி ஓரமாக ஓட்டப் பாதை நெடுக மூங்கில் குச்சி நட்டாள். ஒவ்வொரு குச்சியிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு முழத்தில் ஒரு சிவப்புத் துணி, ரெண்டு முழத்தில் ஒரு துணி. “இது எதுக்கு?” என்றேன். “உன் வாய நம்பி இனிமே இந்த வீட்ல யாரும் தண்ணியில எறங்கறதா இல்லண்ணா” என்றாள்.

போன ஞாயிறு. காற்று தெற்கிலிருந்து லேசாக. தூரத்தில் கூழைக்கடா நாலைந்து உட்கார்ந்திருந்தன. உன் மகள் வரப்பிலிருந்து சக்கரத்தில் உருண்டு தண்ணீரில் இறங்கினாள், கயிற்றை இழுத்துச் சக்கரத்தை மேலே ஏற்றினாள். இன்ஜின் பிடித்தது. வெள்ளையாகத் தண்ணீர் எழுந்தது. அதே புகை, அதே சத்தம். நான் வரப்பில் குப்புறப் படுத்துவிட்டேன், தாடை மண்ணில் பட. அன்றைக்குக் குனிந்து பார்த்தேன் அல்லவா, இந்த முறை அதற்கும் கீழே போய்ப் பார்த்தேன்.

நாலாவது குச்சிக்கு அப்புறம் சத்தம் மாறியது. தண்ணீர் அடிக்கிற சத்தம் நின்று வெறும் இன்ஜின் சத்தம் மட்டும். பின்னால் எழுந்த வெள்ளை அறுந்து விழுந்தது. படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, மாப்பிள்ளை! அந்தப் பக்கத்து வரப்பு தெரிந்தது! ஐந்தாவது குச்சி, ஆறாவது குச்சி, கீழே கட்டிய சிவப்புத் துணிக்கு மேலே போகிறது. எண்ணினேன். ஒன்பது எண்ணும்வரை கீழே இறங்கவில்லை. ஏழாவது குச்சி தாண்டியதும் அவள் ஆக்ஸிலேட்டரை விட்டாள், படகு தண்ணீரில் உட்கார்ந்தது. மதகு இன்னும் தூரத்தில்தான் இருந்தது.

சக்கரத்தை இறக்கி வரப்பு மேல் ஏறி வந்தாள். முகமெல்லாம் தண்ணீர், கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“மாமா, லேசான மாதிரி இருந்திச்சி. தூக்கிச்சா?”

அதே கேள்வி. அப்பனுக்குப் பிறந்தவள். வரப்பில் நின்ற அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள், பனை மரம் வரப்போகிறது என்று.

“ஒரு முழம்” என்றேன். “ஒரு முழம், நாலு விரக்கடை.”

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலை குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஆமா. அண்ணன் சரியாத்தான் சொல்லுது” என்றாள். என் ஆயுசில் அவள் எனக்குக் கொடுத்த முதல் சாட்சி. வெண்ணிலா அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். கூழைக்கடாக்கள் எழும்பக்கூட இல்லை. அவற்றுக்கு ஒரு முழமெல்லாம் ஒரு சேதியா?

இதற்கு மேலே போக முறைப்படி அனுமதி வாங்க வேண்டுமாம். வெண்ணிலா காகிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் மாமா என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ‘அடி: அப்பா போட்ட கோடு, அம்மா சொன்ன காத்து. ஒரு முழம் நாலு விரக்கடை. பார்த்தவர் மாமா’ என்று எழுதியிருக்கிறாள். பார்த்தவர் இடத்தில் இன்னும் என்னைத்தான் போட்டிருக்கிறாள், மாப்பிள்ளை. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கூட்டிச் சொல்கிறாய் என்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதைப் படித்துவிட்டு டீக்கடையில் கேட்கிறவர்களுக்கு நான் பனை மரம் என்றுதான் சொல்வேன், அது என் பிறவிக் குணம், அதில் நீ கை வைக்காதே. ஆனால் உன் மகள் தண்ணீரிலிருந்து ஏறி வந்து கண் திறக்காமல் என்னைக் கேட்கும்போதெல்லாம், தூக்கினால் தூக்கியது, தூக்காவிட்டால் தூக்கவில்லை. ஒரு விரல் கூட்ட மாட்டேன், ஒரு விரல் குறைக்க மாட்டேன். அவள் ஏறும் ஒவ்வொரு முறையும் பெல்ட்டை நான் முறுக்குவேன்.

குச்சியில் ரெண்டு முழத்தில் கட்டிய சிவப்புத் துணி இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. குச்சியைப் பிடுங்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அஞ்சலையே சொல்லிவிட்டாள்.

உன் ஒரே மச்சான்,
வெண்ணிலாவின் தாய்மாமன்,
ஒரு முழத்தை ஒரு முழம் என்று சொன்ன
தனவேலு